துறவியைப் பார்த்து நானும் மறுத்தேன்

எண்பதுகளின் நடுப்பகுதியில், லா சப்பல் மெத்ரோ ரயில் நிலையத்துக்குப் பக்கத்துத் தேவாலய மண்டபம் ஒன்றில் சனிக்கிழமைகளில் எங்களுக்கு இலவசமாகப் பிரெஞ்சு சொல்லித் தந்தார் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர். வகுப்பில் பதினைந்து பேர். எல்லோரும் யாழ்ப்பாணத்து ஆண்கள், பாதிக்கு மேல் உணவகங்களில் கோப்பை கழுவுபவர்கள். மற்ற வகுப்புகளில் தபாலகத்தில் முத்திரை வாங்குவது எப்படி என்று படிப்பித்தார்கள். நாங்கள் மதாம் என்று கூப்பிட்ட எங்கள் ஆசிரியையோ நோர்மண்டிக்காரி. தன் ஊர் மடத்தில் ஒன்பது நூற்றாண்டுகளுக்கு முன் இருந்த துறவி ஒருவரின் வாழ்க்கையை வாரம் ஒரு பந்தியாகச் சொல்ல, நாங்கள் கேட்டு எழுத வேண்டும். மேலே பாலத்தில் மெத்ரோ போகும்போது நிறுத்துவார். சத்தம் அடங்கியதும் விட்ட இடத்திலிருந்து தொடர்வார்.

முதலில் தலைவிதியே என்று எழுதினோம். பிறகு கதை பிடித்துக்கொண்டது. மனிதர் இளைஞனாக மடத்தில் சேர்ந்தார், படிப்பித்தார், இரண்டாம் ஆளானார், மடாதிபதியானார். அடுத்தது கடல் கடந்து இங்கிலாந்தில் பேராயர் பதவி. கடல் கடந்தவர் என்றதும் எங்கள் ஆளாகிவிட்டார். அவருக்கு விசா எப்படிக் கிடைத்தது என்று ஒருவர் கேட்டார். அரசனே கூப்பிட்டால் விசா எதற்கு என்றார் மதாம். வகுப்பு முழுவதும் பெருமூச்சு விட்டது.

ஆனால் பேராயர் பதவியைத் துறவி வேண்டாம் என்றாராம். அரசன் கெஞ்சினான், வேண்டாம் என்றார். ஆயர்கள் காலில் விழுந்தார்கள், அப்போதும் வேண்டாம். செங்கோலைக் கையில் திணிக்கப் பார்த்தார்கள், விரல்களை இறுக்கி மூடிக்கொண்டார். அழுத அழுகையில் மூக்கால் இரத்தமே வந்ததாம். கடைசியில் தூக்கிக்கொண்டு போய்ப் பேராயராக்கினார்கள். எனக்குப் பக்கத்தில் இருந்த என் அறைத்தோழன், அவருக்கு உள்ளுக்குள் ஆசைதான் என்று காதுக்குள் சொன்னான்.

எனக்கோ துறவியை மிகவும் பிடித்துப்போயிற்று. அது நம்முடைய வழக்கம் அல்லவா? இன்னொரு கரண்டி சோறு போடவா என்றால் முதல் தரம் வேண்டாம், இரண்டாம் தரம் ஐயோ வேண்டாம், மூன்றாம் தரம் மௌனம். சோறு விழுந்துவிடும். உடனே ஓம் என்பவனைக் காணாததைக் கண்டவன் என்பார்கள். வெள்ளைக்காரர்களும் அப்படித்தான் என்று அந்தச் சனிக்கிழமை தெரிந்துகொண்டேன். வந்தது வினை.

நானும் அறைத்தோழனும் ஒரே உணவகத்தில் வேலை செய்தோம். நான் கோப்பை கழுவினேன், அவன் மரக்கறி வெட்டினான். இருவருக்கும் அரைநாள் ஒப்பந்தம். முழுநாள் ஒப்பந்தம் இருந்தால்தான் ஊரிலிருந்து மனைவியைக் கூப்பிட விண்ணப்பிக்கலாம் என்று எனக்குச் சொல்லியிருந்தார்கள். கல்யாணம் முடித்து நாற்பது நாளில் விமானம் ஏறியவன் நான்.

அடுத்த கிழமையே உணவக முதலாளி, எங்கள் பத்ரோன், என்னைக் குசினிக்குள் கூப்பிட்டார். சமையல்காரருக்கு உதவியாள் வேண்டும், முழுநாள் வேலை, வருகிறாயா என்றார். அடக்கமாகத் தலையைக் குனிந்து, நன்றி முசியே, அதற்கு எனக்குத் தகுதி இல்லை என்றேன். மதாமே புள்ளி போடக்கூடிய பிரெஞ்சு. இரண்டாவது மறுப்பை நாக்கு நுனியில் வைத்துக்கொண்டு, மூன்றாவதற்கு என்ன முகம் காட்டுவது என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

"சரி, பரவாயில்லை" என்றார் பத்ரோன். அப்படியே திரும்பி, கரட் வெட்டிக்கொண்டிருந்தவனைப் பார்த்து, நீ வருகிறாயா என்றார். கரட் இரண்டு துண்டாகும் முன்பே அவன் ஓம் என்றுவிட்டான்.

அன்று அறையில் அவனைக் கிழி கிழி என்று கிழித்தேன். துறவியின் கதையை என்னோடு சேர்ந்துதானே எழுதினாய் என்றேன். அவன் சட்டையை மடித்தபடி, "நீ வேண்டாம் எண்டனி மச்சான். நான் நம்பினனான்" என்றான்.

சனிக்கிழமை மதாமிடம் முறையிட்டேன். அவர் கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார். பிறகு, அப்போது அரசன் சாகப்போகிறோம் என்ற பயத்தில் படுக்கையில் கிடந்தான், அவனுக்கு வேறு ஆளும் இல்லை என்று விளக்கினார். "உங்கள் பத்ரோனுக்கு என்ன நோய்?" என்று கேட்டார். அவர் கல்லுப்போல இருக்கிறார் என்றேன்.

பத்ரோனிடம் திரும்பிப் போய், எனக்கு அந்த வேலை வேண்டும் என்று கேட்டிருக்கலாம். வெட்கம் விடவில்லை. முழுநாள் வேலை தரப் பத்ரோனுக்கு மனம் வரவில்லை என்று மனைவிக்குக் கடிதத்தில் பொய் எழுதினேன். வேறோர் உணவகத்தில் முழுநாள் வேலை கிடைக்க இரண்டு வருடமாயிற்று.

மனைவி வந்து சேர்ந்த பிறகு ஒருநாள், சோறு போட்டுக்கொண்டிருந்தவளிடம் உண்மையைச் சொன்னேன். அதற்குள் அது எனக்கு நல்ல பகிடிக் கதையாகிவிட்டிருந்தது. அழுத துறவியையும் குனிந்த என்னையும் நடித்தே காட்டினேன். மூக்கிலிருந்து இரத்தம் வரும் இடத்தில் அவளும் சிரித்தாள். கரட் வெட்டியவன் ஓம் என்ற இடத்தில் கரண்டியைக் கீழே வைத்தாள்.

"இஞ்சேருங்கோ, வேணும் எண்டு ஒரு சொல்லு உங்கடை வாயிலை வரேல்லை. அந்த ரெண்டு வருசமும் நான் குண்டுக்குப் பயந்து பங்கருக்குள்ளை படுத்தனான்" என்றாள்.