ஒன்பதே முக்கால் வோல்ட்

போடியில் ஒரு ஏலக்காய்க் கடையில் எனக்கு வேலை. கடை என்றால் ஒரு ஓட்டு வீட்டின் நீளத்துக்கு மூன்று மடங்கு. முன்பக்கம் முதலாளியின் அறை, அதை ஒட்டி என் மேசை, கம்ப்யூட்டர். பின்பக்கம் தகரக் கூரை போட்ட ஹால். அங்கே பெண்கள் வரிசையாகத் தரையில் உட்கார்ந்து, முறத்தில் காயைக் கொட்டி, நல்ல பச்சை, வெளிறியது, வெடித்தது, பிஞ்சு என்று கையால் பிரிப்பார்கள். அவர்களில் ஒருத்தி என் அம்மா.

நான் வருவதற்கு வெகு காலம் முன்பே அம்மா அங்கே இருந்தாள். பி.எஸ்சி. கம்ப்யூட்டர் சயன்ஸ் முடித்துவிட்டு நான் வீட்டில் உட்கார்ந்திருந்தபோது முதலாளியிடம் பேசியதும் அவள்தான். எங்கள் குடும்பத்தில் இரண்டு பக்கத்திலும் பள்ளிக்கூடத்தை முழுதாகப் பார்த்த முதல் ஆள் நான். அதை நான் மறந்ததே இல்லை. மற்றவர்களையும் மறக்க விட்டதில்லை. காலையில் தேவாரத்துப் பக்கமிருந்து வரும் பஸ்ஸில் இரண்டு பேரும் ஒன்றாக வந்து இறங்குவோம். கடை வாசலில் அவள் பக்கவாட்டுச் சந்து வழியாகப் பின்னால் போவாள், நான் முன்வாசலில் செருப்பைக் கழற்றுவேன். இப்படித்தான் என்று யாரும் சொல்லவில்லை.

அந்தக் கம்ப்யூட்டர் பழையது. யாரோ வாங்கிப் போட்டு, வைரஸ் பிடித்துக் கிடந்ததை நான்தான் துடைத்து லினக்ஸ் போட்டு ஓட வைத்திருந்தேன். ஏலம் நடக்கிற நாட்களில் எந்த லாட், அதில் எத்தனை மூட்டை, எந்தத் தரம், எவ்வளவு எடை என்று பதிவு செய்து மதியத்துக்குள் அனுப்பியாக வேண்டும். போன சித்திரையில், சரியாக அந்த நேரம் பார்த்து, கம்ப்யூட்டர் தானாக அணைய ஆரம்பித்தது. திரை கறுத்துவிடும். மறுபடி போட்டால் கொஞ்ச நேரம் ஓடும், மறுபடி அணையும். கரண்ட் குறைந்தால் கத்த வேண்டிய யூபிஎஸ் சத்தமே போடாது. அதன் பச்சை விளக்கு பாட்டுக்கு எரியும். அந்தப் பச்சை விளக்கை நான் தினமும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

முதலாளிக்கு அதற்குக் காரணம் முன்பே தெரியும். பின்னால் ஹாலில் அத்தனை மின்விசிறி ஓடுகிறது, கரண்ட்டை எல்லாம் அதுவே இழுத்துக்கொள்கிறது என்றார். அது சரியா தவறா என்று நான் கண்டுபிடித்துச் சொல்கிறேன் என்றேன். அவர் கேட்கவில்லை, நானாகச் சொன்னேன்.

மதர்போர்டில் சின்னச் சில்லு ஒன்று உண்டு. எந்த இடத்தில் எவ்வளவு சூடு, எந்தக் கம்பியில் எத்தனை வோல்ட், விசிறி என்ன வேகத்தில் சுற்றுகிறது என்று அது அளந்துகொண்டே இருக்கும். அதைக் கேட்டு வாங்க லினக்ஸில் ஒரு மென்பொருள் இருக்கிறது. கல்லூரியில் யாரும் சொல்லித் தரவில்லை. நானே படித்துத் தெரிந்துகொண்டேன். அதை ஏற்றினேன். இதைத் தேடவா, அதைத் தேடவா என்று அது கேட்கக் கேட்க எல்லாவற்றுக்கும் சம்மதம் சொன்னேன். கடைசியில் சில்லைக் கண்டுபிடித்து, திரை முழுக்க எண்களைக் கொட்டியது. எதற்கும் பெயர் இல்லை. ஒன்றாம் வோல்ட், இரண்டாம் வோல்ட், ஒன்றாம் சூடு, இரண்டாம் சூடு. ஒரு வரி, சித்திரை மாதத்துப் போடியில் தண்ணீர் உறையும் குளிர் என்று காட்டியது.

பெயர்களைத் தேடி இணையத்தில் அலைந்தேன். எங்கோ ஒருவர் தன் மதர்போர்டுக்கு எழுதிய அமைப்புக் கோப்பு கிடைத்தது. அதே கம்பெனி, கிட்டத்தட்ட அதே மாடல், கடைசி எழுத்து மட்டும் வேறு. எடுத்துப் போட்டேன். உடனே எல்லா வரிக்கும் பெயர் வந்துவிட்டது. பிராசசர் சூடு முப்பத்தாறு. நல்ல குளிர்ச்சி. பன்னிரண்டு வோல்ட் என்ற வரியில் மட்டும் ஒன்பதே முக்கால். பக்கத்தில் அபாயம் என்று எச்சரிக்கை.

எவ்வளவு அழகாக வரிசையாக நின்றன அந்த எண்கள். நான் அதன்பிறகு எதையும் சந்தேகப்படவில்லை.

முதலாளியைக் கூப்பிட்டேன். அவர் எழுந்து வந்து என் நாற்காலிக்குப் பின்னால் நின்றார். நான் உட்கார்ந்திருக்க அவர் நிற்பது அதுதான் முதல் தடவை.

"என்னம்மா சொல்லுது?"

"பன்னெண்டு இருக்கணும் சார். ஒம்பதே முக்கால்தான் வருது. கரண்டு பத்தல. மத்தியானம் பேன் எல்லாம் ஓடுறப்ப இன்னும் கொஞ்சம் எறங்குது."

அந்தக் கடைசி வாக்கியத்தை யாரும் என்னிடம் கேட்கவில்லை. எண் கொஞ்சம் அசைந்தது உண்மை; எப்போதுமே அசையும். அவர் நினைத்ததையே என் வாயால் சொன்னால் அவருக்குப் பிடிக்கும் என்று எனக்குத் தெரிந்திருந்தது.

அவர் நடைவழிக்குப் போய் சுவிட்சுகளை வரிசையாக அமுக்கினார். ஹாலில் விசிறிகள் ஒவ்வொன்றாக வேகம் குறைந்து நிற்பது என் மேசைக்குக் கேட்டது.  முதலில் பெண்கள் கரண்ட் போய்விட்டதாக நினைத்திருப்பார்கள். பிறகு குழல் விளக்கு எரிவதைப் பார்த்திருப்பார்கள்.

தகரத்துக்குக் கீழே சித்திரை வெயில் எப்படி இறங்கும் என்பதை நான் எழுத வேண்டியதில்லை. அன்று சாயங்காலம் பஸ்ஸில் அம்மாவின் ரவிக்கை முதுகோடு ஒட்டியிருந்தது. ஹாலில் அவளுக்குப் பக்கத்தில் உட்காருகிற ஒரு அத்தை, உறவில் அத்தை இல்லை, கூப்பிடுவது அப்படி, பஸ் முழுக்கக் கேட்கும்படி சொன்னாள்: "ஏத்தா, ஒம் மக படிச்சு வந்து முதல்ல நம்ம காத்த நிறுத்திப்புட்டா. இன்னும் மேல படிச்சிருந்தா தண்ணியவும் நிறுத்தியிருப்பா."

எல்லோரும் சிரித்தார்கள். அம்மா சிரிக்கவில்லை. மிஷினுக்குக் கரண்ட் பத்தவில்லை என்றால் ஏலத்துக்கு லாட் போகாது, லாட் போகாவிட்டால் நமக்கு ஏது வேலை என்று என் சார்பில் வாதாடினாள். ஊரில் இறங்கி நடக்கும்போது என்னிடம் மெதுவாகக் கேட்டாள்.

"மொதலாளியே எந்திரிச்சு வந்து ஒன்ட்ட கேட்டாகளாமே?"

ஆமாம் என்றேன். அவள் முகம் எனக்கு நன்றாகத் தெரியும். வேர்த்து ஓய்ந்த அந்த முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். நான் அதை வாங்கிக்கொண்டேன். வேண்டாம் என்று தோன்றவே இல்லை.

அடுத்த நாளே கோடை மழை பிடித்துக்கொண்டது. மேற்கே மலை தெரியாமல் மேகம் இறங்கி, சில நாள் ஊரே குளிர்ந்து கிடந்தது. கம்ப்யூட்டர் ஒரு தடவைகூட அணையவில்லை. முதலாளி வந்து போகிற வியாபாரிகளிடம் என்னைக் காட்டி, இந்தப் பிள்ளைதான் பொட்டிக்குள் என்ன நடக்கிறது என்று அளந்து சொன்னது என்றார். நான் தலையைக் குனிந்து தட்டச்சு செய்தேன். ஒவ்வொரு சொல்லும் காதில் விழுந்தது.

மழை விட்டு வெயில் திரும்பியது. ஏலத்தன்று, பாதி லாட் பதிந்திருந்தபோது திரை கறுத்தது. ஹாலில் விசிறி ஒன்றுகூட ஓடவில்லை.

மறுபடி போட்டேன். இந்தத் தடவை லினக்ஸுக்குப் போகவிடாமல் மதர்போர்டின் சொந்த அமைப்புப் பக்கத்தைத் திறந்தேன். அங்கேயும் சூடும் வோல்ட்டும் காட்டும். அதை நான் முதல் நாளே திறந்து பார்த்திருக்க வேண்டும். பன்னிரண்டு வோல்ட் இருக்க வேண்டிய இடத்தில் பன்னிரண்டே இருந்தது. பிராசசர் சூடு, அப்போதுதான் போட்ட கம்ப்யூட்டரில், தொண்ணூறைத் தொட்டுக்கொண்டிருந்தது.

பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றினேன். பிராசசர் மேல் இருக்கிற அலுமினியத் தகடுகளின் இடுக்கெல்லாம் ஏலக்காய்ச் செத்தை. காய்ந்த காம்பு, தோல், நார் எல்லாம் சேர்ந்து கம்பளி போல அடைத்திருந்தது. சின்ன விசிறி அதற்கு மேலே வீணாகச் சுற்றிக்கொண்டிருந்திருக்கிறது. பிரஷ்ஷால் தள்ளியபோது நல்ல வாசனை வந்தது. சுத்தம் செய்து மூடினேன்.

ஒன்பதே முக்கால் எங்கிருந்து வந்தது என்பதும் பிறகு புரிந்தது. அந்தச் சில்லால் பெரிய வோல்ட்டை நேராக அளக்க முடியாது. போர்டு அதைக் குறைத்துத்தான் அதற்குக் கொடுக்கும். படித்துக் காட்டுகிற மென்பொருள் திரும்பப் பெருக்கிக்கொள்ள வேண்டும். எத்தனையால் பெருக்குவது என்பது போர்டுக்குப் போர்டு மாறும். நான் இன்னொருவருடைய போர்டின் பெருக்கலை எடுத்துப் போட்டிருந்தேன். பிராசசர் சூடு என்று பெயர் போட்ட வரியும் பிராசசருடையது இல்லை. போர்டின் ஏதோ குளிர்ந்த மூலையுடையது. பிராசசருக்குள்ளேயே தனி அளவி இருக்கிறது, அதைப் படிக்கிற மென்பொருளை நான் ஏற்றவே இல்லை. எல்லாவற்றையும் சரியாக ஏற்றிப் பார்த்தேன். பிராசசர் சூடு நாற்பத்தெட்டு. பன்னிரண்டு வோல்ட் பன்னிரண்டாகவே இருந்தது.

அன்றே முதலாளியிடம் போனேன். கம்ப்யூட்டர் சரியாகிவிட்டது, விசிறிகளைப் போட்டுக்கொள்ளலாம் என்றேன்.

அவர் நிமிரவில்லை. பேன் நின்றதிலிருந்து ஹாலில் செத்தை பறப்பதில்லை, காய் சுத்தமாக வருகிறது, தராசும் ஆடாமல் நிற்கிறது, இப்படியே இருக்கட்டும் என்றார். நான் விடவில்லை. விசிறிக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை, அன்று நான் பார்த்த கணக்கு தப்பு என்று சொன்னேன். சொல்லும்போது என் குரல் எனக்கே சின்னப் பிள்ளையின் குரலாகக் கேட்டது.

"அன்னைக்கும் இதே பொட்டியப் பாத்துத்தானம்மா சொன்ன," என்றார். "இன்னைக்குச் சொல்றது சரின்னு நான் எத வச்சு நம்புறது?"

கோபமாகச் சொல்லவில்லை. நிஜமாகவே கேட்டார். 

பின்பக்கம் போனேன். வேலைக்குச் சேர்ந்த பிறகு நான் ஹாலுக்குள் நின்று பேசியது அதுதான் முதல் தடவை. என் கணக்கு தப்பு, கம்ப்யூட்டருக்குள் தூசி அடைத்ததுதான் காரணம், முதலாளியிடம் சொல்லிவிட்டேன், அவர் விசிறி போட மாட்டேன் என்கிறார் என்று மடமடவென்று சொன்னேன். அம்மா குனிந்து வெடித்த காயைப் பொறுக்கிக்கொண்டே இருந்தாள். அந்த அத்தை முந்தானையால் கழுத்தைத் துடைத்தாள்.

"அப்ப வெந்தது அந்தப் பொட்டிதான். அது வெந்ததுக்கு எங்களையும் சேத்து வேக வச்சிருக்க. இப்ப இங்கன வந்து சொன்னா நாங்க என்ன ஆத்தா செய்ய?"

 என்ன செய்வது என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. மறுநாள் மதியச் சாப்பாடு முடிந்ததும் யாரும் முறத்தைத் தொடவில்லை. சுவரில் சாய்ந்து காலை நீட்டி உட்கார்ந்துவிட்டார்கள். சத்தம் இல்லை, கோஷம் இல்லை. வேர்க்குது, வெயில் இறங்கட்டும், பாக்குறோம் என்றார்கள். சாயங்காலம் லாட் போயாக வேண்டிய நாள் அது.

முதலாளி ஹால் வாசலுக்கு வந்தார். நான் அவருக்குப் பின்னால் நின்றேன். அந்த நீண்ட வரிசையில் ஒரே ஒரு முறம் மட்டும் அசைந்துகொண்டிருந்தது. அம்மா தனியாகக் காய் பிரித்துக்கொண்டிருந்தாள்.

"அந்தம்மாவுக்கு வேர்க்கலையா?" என்று எல்லோரையும் பார்த்துக் கேட்டார். "அது வேல பாக்குதுல்ல?"

அவள் எதற்காக வேலை பார்க்கிறாள் என்பது அங்கே எல்லோருக்கும் தெரியும். முன்பக்கம் மேசையில் அவள் மகள் இருக்கிறாள். ஒருத்தியும் அவளைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். அந்த அத்தைகூட வேறு பக்கம் பார்த்துக்கொண்டாள்.

நான் அவரைத் தாண்டி உள்ளே போய் அம்மாவின் கையிலிருந்து முறத்தை எடுத்துக் கீழே வைத்தேன். கொஞ்சம் வேகமாக எடுத்துவிட்டேன் போல. காய் தரையில் சிதறியது. அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். "ஒனக்கு வேல வேணாமா?" என்று பல்லுக்குள் கேட்டாள். வேண்டும் என்றேன். வேண்டும்தான். ஆனாலும் முறத்தைத் திருப்பிக் கொடுக்கவில்லை.

 முதலாளி திரும்பி நடைவழிக்குப் போனார். விசிறிகள் ஒவ்வொன்றாகச் சுற்ற ஆரம்பித்தன. லாட் போகணும், சீக்கிரம் என்று மட்டும் குரல் வந்தது. பெண்கள் முறத்தை மடியில் இழுத்துக்கொண்டார்கள். யாரும் என்னைப் பார்க்கவில்லை. பார்க்க என்ன இருக்கிறது, நான் நிறுத்தியதை அவர்கள் திரும்ப ஓட வைத்தார்கள். அம்மா தரையில் தவழ்ந்து சிதறிய காயைப் பொறுக்கினாள். நான் குனிந்தபோது என் கையைத் தள்ளிவிட்டாள்.

வேலை போகவில்லை. இப்போது கம்ப்யூட்டர் கொஞ்சம் முனகினாலும் முதலாளி தேனியிலிருந்து ஆள் வரவழைக்கிறார்; அந்த ஆள் பார்க்கும்போது நான் எழுந்து ஓரமாக நிற்பேன். அதைத் தாங்கிக்கொள்ள முடிகிறது.

விசிறி திரும்ப ஓடிய அன்று இரவு அம்மா எனக்குச் சோறு போட்டாள். குழம்பு ஊற்றினாள். தான் சாப்பிட உட்காரவில்லை. எதிரே நின்றுகொண்டே சொன்னாள்.

"அத்தன பேரு முன்னாடி எங் கையில இருந்து புடுங்கிட்டியேத்தா. அந்த மொறத்தப் புடிச்சுத்தான ஒன்னையப் படிக்க வச்சேன்."

நான் அவளுக்காகத்தான் அப்படிச் செய்தேன் என்று சொல்ல வாயெடுத்தேன். அது முழு உண்மை இல்லை. அவள் தனியாக வேலை பார்ப்பதை அத்தனை பேர் பார்க்க, என்னால் அங்கே நிற்க முடியவில்லை. அதற்காகத்தான் பிடுங்கினேன். தட்டைப் பார்த்தபடி சாப்பிட்டு முடித்தேன்.