பட்டியலில் ஏறிய பெயர்

ஆஸ்திரேலியாவில், கிரெய்கிபர்னில் நான் இருந்த வாடகை வீட்டில் அடுத்த அறைக்காரர் பர்மாத் தமிழர். ஐம்பது வயது. இருவரும் ஒரே காய்கறிக் கிடங்கில் பெட்டி அடுக்கினோம். நான் எட்டாம் வகுப்போடு யாழ்ப்பாணத்தை விட்டு, சென்னை, பாங்கொக், படகு என்று அலைந்தவன். படுக்க இடம் கிடைத்தால் போதும். அவருக்குக் காகிதம் வேண்டும்.

அதற்கு ஒரு ஜெனரல் காரணம். இவருடைய அப்பா காலத்தில் பர்மாவில் ஆட்சியைப் பிடித்தவர். கடைகள் அரசுக்குப் போயின. கப்பல் கப்பலாகத் தமிழர்கள் சென்னைக்குத் திரும்பினார்கள். அப்பாவிடம் சரியான காகிதம் இருந்ததால் தங்கிவிட்டார். அதன்பின் அந்த வீட்டில் ஒரே விதி: வார்டு ஆபீசின் குடும்பப் பட்டியலில் எல்லார் பெயரும் இருக்க வேண்டும். மகன் பெயரை ஏற்ற இவர் ஏழு வருடம் நடந்தார். ஏறிய பிறகே மனைவியையும் மகனையும் அங்கே விட்டு ஆஸ்திரேலியா வந்தார்.

பிறகு பர்மாவில் இன்னொரு ஜெனரல் வந்தார். முதலில் தொலைபேசித் திரையில் பார்த்தபோது பச்சைச் சீருடை, மார்பு நிறையப் பதக்கம். சில வருடம் கழித்து அதே ஆள் கோட்டுப் போட்டு நாட்டுத் தலைவராக உட்கார்ந்திருந்தார்.

“படையில கேடட்டா சேர்ந்தவன், இன்னைக்கு நாட்டுக்கே அப்பன். கோட்டுல பாரு தம்பி, பொண்ணு பார்க்க வந்த மாப்பிள்ளை மாதிரி இருக்கான்” என்றார் அடுத்த அறைக்காரர்.

“ஓம் அண்ணை. பொம்பிளை வீட்டுக்காரர் பாவம்.”

சிரித்தார். அந்த வாரமே அவருடைய மனைவி பர்மாவிலிருந்து அழைத்தார். கட்டாயப் படைச் சேவைக்கு ஆள் எடுக்கிறார்கள். வார்டு அதிகாரி குடும்பப் பட்டியலைப் பார்த்து இளைஞர் பெயர்களைச் சீட்டில் எழுதியிருக்கிறார். சனிக்கிழமை குலுக்கல். மகனுக்குப் பத்தொன்பது வயது.

“நானே எழுதிக் குடுத்த பேரு” என்றார் என்னிடம்.

“குலுக்கலுக்கு முன்னம் மகனை எல்லை தாண்ட அனுப்புங்கோ அண்ணை.”

“ஓடிட்டா பேரை வெட்டிடுவாங்க. அப்புறம் அவன் எந்த ஊர்க்காரன்?”

“நான் எந்த ஊர்க்காரன்? இருக்கிறன்தானே.”

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். ஆறுதல் கிடைத்ததாகத் தெரியவில்லை. இரண்டு நாள் பெட்டி அடுக்கினோம். வியாழக்கிழமை காலை, காரில் ஏறுமுன் மகனை அழைத்து மூன்றே சொல் சொன்னார். பர்மிய மொழி. சொல் தெரியாவிட்டாலும் எனக்கு விளங்கிற்று: ஓடச் சொல்கிறார்.

சனிக்கிழமை குலுக்கலில் மகனின் சீட்டு வந்தது. அவன் எல்லை ஆற்றைக் கடந்துவிட்டானா என்று தெரியவில்லை. அவன் தொலைபேசி அணைந்திருந்தது.

ஞாயிறு மத்தியானம் குசினியில் நான் பருப்பு வைத்துக்கொண்டிருந்தேன். அவருக்கு மனைவியின் எண்ணிலிருந்து அழைப்பு வந்தது. ஸ்பீக்கரில் ஓர் ஆண் குரல், மிகவும் மரியாதையான குரல். கதிரையில் இருந்தவர் எழுந்து, கைகளைப் பக்கவாட்டில் வைத்து, நேராக நின்று பதில் சொன்னார். வைத்தபிறகும் அப்படியே நின்றார்.

“ஆர் அண்ணை?”

“வார்டு ஆபீஸ். பையன் எப்ப வருவான்னு கேக்கறாரு. அவன் வர்ற வரைக்கும் அவன் அம்மா அங்கதான் இருப்பாளாம். டீ குடுத்திருக்காங்களாம்.”

நான் அடுப்பைக் குறைத்தேன்.