கத்தி மடங்கும்வரை

ஒடீல் கஸால் போன மாதம் செத்தாள். அடக்கத்துக்கு வந்த கூட்டம் கல்லறைத் தோட்டத்திலிருந்து மதுக்கடைக்குப் போய்ச் சேர்வதற்குள்ளேயே அவளைப் பிய்த்துத் தின்ன ஆரம்பித்துவிட்டது. கல்நெஞ்சுக்காரியாம், படுக்கையில் கிடந்த அப்பனைப் பட்டினி போட்டே கொன்றாளாம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்த வீட்டில் மாடு பார்த்து, புல் அறுத்து, அந்த மேசையில் உட்கார்ந்து தின்றவன் நான். அவள் அப்பனை ஒரு வேளைகூடப் பட்டினி போடவில்லை. கேட்டதற்கு மேல் இரண்டு கரண்டி சேர்த்துத்தான் ஊட்டினாள். பட்டினி போட்டது அந்த அப்பன். அவள் செய்தது வேறு. அதைச் சொல்கிறேன். கேட்டுவிட்டு அவளை நல்லவள் என்று ஒத்துக்கொள்ளுங்கள் என்று நான் யாரையும் கெஞ்சப்போவதில்லை.

மாடு மேய்த்துப் பிழைக்கும் எங்கள் ஒப்ராக் மலைமேட்டில் ஆண்பிள்ளை என்றால் கால்சட்டைப் பையில் மடக்குக் கத்தி இருக்கும். ரொட்டிக்கும் அதுதான், மாட்டுக் குளம்புக்கும் அதுதான், கால் நகத்துக்கும் அதுதான். மேசையில் யாரும் யாருக்கும் கத்தி எடுத்து வைப்பதில்லை. கத்தியை மறந்து வந்தவன் விரலால் பிய்த்துத் தின்பான், மற்றவர்கள் அவனைப் பார்த்துச் சிரிப்பார்கள். வீட்டு முதலாளி தன் கத்தியைத் திறந்து ரொட்டியின் அடியில் சிலுவை கீறினால் சாப்பாடு தொடங்கும். அவர் டக்கென்று மடக்கினால் முடிந்தது, எல்லோரும் எழ வேண்டும். கத்தி திறந்திருக்கும்போது எழுந்து போகவும் கூடாது. மடங்கிய பிறகு ஒரு வாய் வைக்கவும் கூடாது.

மற்ற வீடுகளில் முதலாளி கத்தியைத் திறந்து வைத்துக்கொண்டு வைனை உறிஞ்சியபடி கடைசி ஆள் தட்டைத் துடைக்கும்வரை காத்திருப்பார். உர்பேன் கஸால் எச்சில் கையால் காக்கை ஓட்டாத ஆள். சூப்பை வழித்து, பன்றிக்கொழுப்பை விழுங்கி, நாங்கள் மூன்றாவது வாய் எடுக்கும்போது மடக்கிவிடுவார். தட்டில் மிஞ்சியது நாய்க்கு. கூலியாட்கள் மெல்லாமல் விழுங்கப் பழகினோம். எனக்கு இன்றைக்கும் வயிறு சரியில்லை. வைத்தியர் அதற்கு ஏதேதோ பெயர் சொல்கிறார். என்னைக் கேட்டால் அதன் பெயர் உர்பேன் கஸால்.

ஒடீல் அவருடைய மூத்த பிள்ளை. பெண்ணுக்குக் கத்தியும் கிடையாது, மேசையில் இடமும் கிடையாது. அடுப்போரம் நின்றபடி பரிமாறுவாள், நாங்கள் எழுந்த பிறகு சட்டியைச் சுரண்டி நின்றபடியே தின்பாள். வேலை மட்டும் இரண்டு ஆண்பிள்ளை வேலை. பனி விழுந்து கதவு திறக்காத நாளில் ஜன்னல் வழியாகக் குதித்துத் தொழுவத்துக்கு வழி வெட்டுவது அவள்தான். கன்று தாய் வயிற்றில் குறுக்கே கிடந்தால் கையை விட்டுத் திருப்புவதும் அவள்தான்.

அவளைக் கேட்டு ஒருவன் வந்தான், பக்கத்து ஊர்த் தச்சன். ஞாயிற்றுக்கிழமை முகம் மழித்து, புதுச் சட்டை போட்டு வந்தவனை உர்பேன் மேசையில் உட்கார வைத்தார். அவன் தன் கத்தியைத் திறந்து ஒரு துண்டு இறைச்சி வெட்டி வாய்க்குக் கொண்டுபோனான். டக்.

“எந்திரிங்க தம்பி, சாப்பாடு முடிஞ்சுது.”

“இல்லைங்க, நான் ஒரு விஷயமா வந்தேன்.”

“விஷயத்தை வயிறு நிறைஞ்சவன் பேசணும். உங்களுக்கு நிறையலை. எனக்கு நிறைஞ்சுபோச்சு.”

எல்லோரும் சிரித்தோம். தச்சன் வெட்டிய துண்டைத் தட்டில் திரும்ப வைத்துவிட்டுப் போனான், அப்புறம் வரவில்லை. அந்தத் தட்டை ஒடீல் நாய்ச் சட்டியில் கவிழ்த்தாள். அப்போது அவளுக்கு இருபத்தாறு வயது இருக்கும்.

இதையெல்லாம் ஏன் பொறுத்தாள் என்றால், அந்தக் கத்திக்காக. உர்பேனின் அப்பன் வைத்திருந்தது, மாட்டுக்கொம்புப் பிடி, பக்கத்தில் மடங்கும் குத்தூசி. அது யார் கைக்குப் போகிறதோ அவருக்குத்தான் மேசைத் தலைமாட்டு நாற்காலி, மாடுகள், மேய்ச்சல் நிலம், வீடு எல்லாம். மற்றதெல்லாம் காகிதத்தில் பிறகு வந்து சேரும். இதை உர்பேன் வாயால் சொல்லமாட்டார். எப்போதாவது ரொட்டித் தூளைக் கத்தியிலிருந்து துடைத்துக்கொண்டே அவள் பக்கம் பார்த்து, “பாக்கலாம், இது யார் கைக்குப் போகுதுன்னு,” என்பார். அந்தப் ‘பாக்கலாம்’ ஒன்றை வைத்துக்கொண்டு அவள் பத்து வருடம் ஓட்டினாள். தனக்கென்று அவள் வேறெதுவும் ஆசைப்பட்டு நான் பார்த்ததில்லை.

ஒரு வசந்த காலத்தில் மர்கீஸ் என்கிற மாடு ஈரப் புல்லை அளவில்லாமல் மேய்ந்து வயிறு உப்பி விழுந்துவிட்டது. நானும் முதலாளியும் சந்தையிலிருந்து அப்போதுதான் வந்தோம். அவர் குடித்துவிட்டு வண்டியிலேயே குறட்டை விட்டார். மாடு நாக்கைத் தள்ளிவிட்டது. வயிற்றைக் குத்திக் காற்றை இறக்க என் கத்தியில் குத்தூசி கிடையாது. ஒடீல் யோசிக்கவில்லை. வண்டியில் ஏறி அப்பன் பையில் கைவிட்டுக் கத்தியை எடுத்தாள், இடது விலாவுக்குப் பின்னால் கையால் அளந்து குத்தூசியை இறக்கினாள். காற்று சீறிக்கொண்டு வெளியே வந்தது. கொஞ்ச நேரத்தில் மர்கீஸ் எழுந்து நின்றது.

மறுநாள் மதியம் உர்பேன் கத்தியைத் திறந்தார், முகர்ந்து பார்த்தார்.

“எவ என் பையில கைவிட்டா?”

“நான்தான்பா. இல்லேன்னா மர்கீஸ் செத்திருக்கும்.”

“செத்தா ஒரு மாட்டோட போச்சு. பொம்பளை கை பட்டா கத்தியே போச்சு.”

ரொட்டியில் சிலுவை கீறினார். சூப்பில் ஆவி பறந்துகொண்டிருந்தது. யாரும் கரண்டியைத் தொடுவதற்குள் மடக்கினார். நாங்கள் எழுந்தோம். அன்றைக்கும் மறுநாளும் அப்படியே. புல் அறுக்கிற காலம், கண் இருட்டிக்கொண்டு வந்தது. ஆனால் எங்கள் வசவு முதலாளிமேல் விழவில்லை, அவள்மேல் விழுந்தது. “ஒரு மாட்டுக்காக எங்க வயித்துல அடிச்சிட்டியே, மகராசி,” என்று மூத்த கூலியாள் அவள் காதுபடவே சொன்னான். அவள் பானையைக் கழுவிக்கொண்டிருந்தாள், திரும்பவில்லை. மர்கீஸ் அதற்குப் பிறகு போட்ட கன்றுகளையெல்லாம் உர்பேன் நல்ல விலைக்கு விற்றார்.

ஒடீலின் தம்பி மர்சியால் இருக்கிறானே, அவன் சின்ன வயதிலேயே இந்த மேட்டை விட்டுப் போய்ப் பாரீசில் காப்பிக்கடை வைத்தவன். ஆகஸ்டு வந்தால் கார் போட்டுக்கொண்டு வருவான். அவன் கத்தி சேர்க்கிறவன். தந்தப் பிடி, கருங்காலிப் பிடி, வெள்ளி இழைத்தது என்று கடையில் கண்ணாடிப் பெட்டி நிறைய வைத்திருப்பதாகச் சொல்வான். அதில் நாலைந்தை வெல்வெட் துணியில் சுருட்டிக்கொண்டு வந்து மேசைமேல் விரிப்பான். தொடப்போனால் கையைத் தட்டிவிடுவான். ரொட்டி வெட்ட மட்டும் அக்காவிடம் சமையல் கத்தி கேட்பான்.

“இது கத்தியாடா, கன்னியாஸ்திரியா? யாருமே தொடக்கூடாதுங்கிறே,” என்பார் உர்பேன்.

“அப்பா, இதுல ஒரு ஆப்பிள் நறுக்கினாப் போதும், பாதி விலை போயிடும்.”

“வெட்டாத கத்திக்கு என்னடா விலை.”

இப்படி நாள் முழுக்கக் கேலி செய்வார். கார் கிளம்பிப் போனதும் வாசலில் நின்று, “என் மவன், பாரீசையே விலைக்கு வாங்குவான்,” என்று எங்களிடம் பீற்றிக்கொள்வார். தான் ஆடாவிட்டாலும் தன் சதை ஆடும் என்பார்கள். ஒடீலும் அவர் சதைதான். அது மட்டும் ஆடவில்லை.

ஒரு குளிர்காலம் உர்பேனுக்குப் பக்கவாதம் வந்தது. வலது கை, வலது கால், வாயில் பாதி போய்விட்டது. ஒடீல் குளிப்பாட்டினாள், இறைச்சியைப் பொடியாக நறுக்கி ஊட்டினாள், இரவில் புரட்டிப் படுக்கவைத்தாள். நான் அவரைத் தூக்கித் தலைமாட்டு நாற்காலியில் வைத்து, கத்தியைத் திறந்து கொடுப்பேன். மடக்குவதை மட்டும் அவரே இடது கையால், மேசை விளிம்பில் வைத்து அழுத்திச் செய்வார். அதில் ஒரு சுணக்கமும் வரவில்லை. ஊட்டிய கரண்டியை அவள் கீழே வைப்பதற்குள் டக் என்று கேட்கும்.

அந்த ஆகஸ்டில் மர்சியால் வந்தான். ஒடீல் அலிகோ கிண்டினாள். உருளைக்கிழங்கும் சீஸும் நூலாக இழுபடும்வரை கிண்ட வேண்டும், தோள் கழன்றுபோகும். எல்லோரும் உட்கார்ந்தோம். உர்பேன் மடக்கிய கத்தியை இடது கையால் மேசைமேல் தள்ளினார், ஒடீல் நின்ற பக்கம் இல்லை, மர்சியால் பக்கம்.

“எடுத்...துக்கோ. நாக்காலில... நீ உக்காரு.”

ஒடீல் கரண்டியைத் தூக்கியபடி நின்றாள். அலிகோ நூல் நூலாக இறங்கி அடுப்புச் சாம்பலில் விழுந்துகொண்டிருந்தது. அவள் கவனிக்கவில்லை.

எங்கள் பக்கம் கத்தியைச் சும்மா வாங்கமாட்டார்கள். வாங்குகிறவன் கொடுக்கிறவர் கையில் ஒரு சில்லறைக் காசாவது வைக்க வேண்டும், இல்லையென்றால் கத்தி உறவை அறுத்துவிடும். மர்சியால் பைக்குள் கைவிட்டதும் காசுக்குத்தான் என்று நினைத்தோம். அவன் எடுத்தது ஒரு பூதக்கண்ணாடி. கத்தியைத் திறந்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

“சாணை பிடிச்சுப் பிடிச்சு அலகே இல்லைப்பா. பல்லுக்குச்சி மாதிரி ஆயிடுச்சு. கொம்பு வெடிச்சிருக்கு, வில்லு லொடலொடங்குது. இதைக் கொண்டுபோய் என் பெட்டியில வச்சா சிரிப்பானுங்க.”

“பண்...ணை,” என்றார் உர்பேன்.

“பண்ணை எனக்கெதுக்குப்பா? நான் வந்து பால் கறக்கவா? அக்கா பாத்துக்கட்டும், நான் கையெழுத்துப் போட்டுத் தர்றேன்.” கத்தியை அடுப்புப் பக்கம் நீட்டினான். “இந்தாக்கா, உருளைக்கிழங்கு தோல் சீவ ஆகும்.”

அவனுக்குக் கெட்ட எண்ணம் இல்லை. அவனுக்கு எண்ணமே இல்லை. உர்பேன் அழுதார், முகத்தில் உயிர் இருந்த பாதி மட்டும். கொடுத்ததை மகன் குப்பையாகத் திருப்பித் தந்ததற்கு அழுதாரா, அது யார் கைக்குப் போகிறது என்று பார்த்து அழுதாரா, எனக்குத் தெரியாது. இரண்டும் அவருக்குத் தகும்.

ஒடீல் சட்டியை இறக்கி வைத்தாள். கையைத் துடைத்தாள். இடுப்புத் துணிப் பையிலிருந்து ஒரு காசை எடுத்து அப்பனின் செத்த கையில் வைத்து, விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி மூடினாள். அவரால் அதை உதறமுடியவில்லை. பிறகுதான் கத்தியைத் தம்பி கையிலிருந்து வாங்கினாள்.

“பஸ்தியான், அப்பாவைப் பெஞ்சுல உக்கார வை.”

பஸ்தியான் நான்தான். தூக்கினேன். காய்ந்த புல் கட்டு கனம்தான் இருந்தார். சுவரோரப் பெஞ்சில் சாய்த்து வைத்தேன். ஒடீல் தலைமாட்டு நாற்காலியில் உட்கார்ந்தாள். ரொட்டியில் சிலுவை கீறினாள், எல்லோருக்கும் வெட்டித் தந்தாள், கத்தியைத் திறந்தபடி தன் தட்டருகே வைத்தாள். அப்பனுக்குச் சூப் ஊட்டினாள். பிறகு தின்ன ஆரம்பித்தாள். உட்கார்ந்து தின்று பழகாதவள் என்பதால் முதலில் கை எங்கே வைப்பது என்று தெரியாமல் தடுமாறினாள். கொஞ்ச நேரத்தில் சரியாகிவிட்டது.

அவள் அவசரப்படவில்லை. இவ்வளவு மென்று யாரும் அந்த வீட்டில் தின்றதில்லை. நாங்கள் இரண்டாம் முறை போட்டுக்கொண்டோம், மூன்றாம் முறையும். மூத்த கூலியாள் கால்சட்டைப் பொத்தானைத் தளர்த்திக்கொண்டான்.

“அக்கா, நான் கிளம்பறேன். இருட்டுறதுக்குள்ள மலை இறங்கணும்,” என்றான் மர்சியால்.

“போய்ட்டு வா.”

அவன் வெல்வெட்டைச் சுருட்டிக்கொண்டு, அப்பன், அக்கா இருவர் கன்னத்திலும் முத்தம் வைத்துவிட்டுப் போனான். பாரீஸ்காரன், அவனுக்கு எந்தக் கத்தி திறந்திருந்தால் என்ன. கார் சத்தம் இறக்கத்தில் தேய்ந்து மறைந்தது. ஒடீல் சீஸ் தட்டை இழுத்து வைத்துக்கொண்டாள்.

உர்பேன் பெஞ்சில் நெளிந்தார். இடது கை தொடைகளுக்கு நடுவில் போனது.

“போ...கணும்.”

“கத்தி திறந்திருக்கேப்பா,” என்றாள் ஒடீல்.

அவர் என்னைப் பார்த்தார். அவரைத் தூக்கிக்கொண்டு கொல்லைக்குப் போவது தினமும் என் வேலை. அந்தப் பார்வை என்ன கேட்டது என்று எனக்கு நன்றாகவே தெரியும். நான் ரொட்டியை எடுத்துச் சீஸுக்குக் கீழே வைத்துக் கடித்தேன். சுவையாக இருந்தது.

பெஞ்சிலிருந்து தரையில் சொட்டத் தொடங்கியது. நாய் வந்து முகர்ந்துவிட்டு விலகிப் போனது. கூலியாட்கள் தங்கள் தட்டுகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒடீல் பார்த்தாள். சீஸின் தடித்த தோலை நிதானமாகச் சீவி ஒதுக்கிவிட்டு இன்னொரு துண்டு வெட்டினாள். அப்பன் பக்கம் லேசாகச் சாய்ந்தாள்.

“இன்னும் கொஞ்சம் சூப் ஊத்தட்டுமாப்பா?”

அவ்வளவு கனிவாக அவள் பேசி நாங்கள் யாரும் கேட்டதில்லை.