சித்தி மகள் பார்த்துக்கொண்ட கிணறு

எனக்குக் கீழ் ஒன்பது பேர் வேலை செய்கிறார்கள். எனக்கு வேலையைப் பிரித்துக் கொடுக்கத் தெரியவில்லை என்று போன மாதம் அலுவலகத்தில் ஒருநாள் பயிற்சிக்கு அனுப்பினார்கள். வகுப்பு எடுத்தவர், பொறுப்பை ஒப்படைத்துவிட்டுத் தள்ளி நில்லுங்கள் என்று சிரித்துக்கொண்டே சொன்னார். எல்லாரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அப்படி ஒப்படைத்துவிட்டுத் தள்ளி நின்ற நாள் ஒன்று எனக்கு உண்டு.

அப்போது எனக்குப் பன்னிரண்டு வயது. சவுதியிலிருந்து மாமா குடும்பத்தோடு திரும்பி வருவதாக இருந்தார். தக்கலைக்குப் பக்கத்தில் அவர் வீடு ஆறு வருடமாகப் பூட்டிக் கிடந்தது. சித்திரை மாத விடுமுறை. வீட்டைச் சுத்தம் செய்ய அம்மா குடும்பத்துப் பிள்ளைகள் எங்கள் ஐந்து பேரையும் கூட்டிப் போய், மூத்தவள் என்பதால் என்னைத் தலைவியாக்கிவிட்டு அடுக்களைக்குள் போய்விட்டாள். நான் வாரியலை யாரிடமும் கொடுக்கவில்லை. அவர்கள் பெருக்கினால் மூலையில் தூசி நிற்கும், துடைத்தால் ஜன்னலில் கோடு விழும் என்று எல்லாவற்றையும் நானே செய்தேன். மற்ற நால்வரும் என்னை வேடிக்கை பார்த்தார்கள். கொஞ்ச நேரத்தில் அம்மா எட்டிப் பார்த்தாள்.

"ஏட்டி, ஒனக்கு வேலை வாங்கத் தெரியாதா? எல்லாத்தையும் நீயே செய்யதுக்கா இவ்வளவு பேர கூட்டிட்டு வந்தேன்?"

என் மானம் போய்விட்டது. உடனே அம்மாவின் குரலை வரவழைத்துக்கொண்டு உத்தரவு போட ஆரம்பித்தேன். ஒருவனுக்கு ஒட்டடை, ஒருத்திக்கு ஜன்னல், ஒருவனுக்கு முற்றம். மிஞ்சியவள் சித்தி மகள். ஏழு வயது, சொன்ன சொல்லைத் தட்டாதவள். வீட்டுக்குப் பின்னால் கைப்பிடிச் சுவர் குட்டையான கிணறு ஒன்று இருந்தது. பயல்கள் அந்தப் பக்கம் ஓடிவிடக் கூடாதே என்று, "நீ கெணத்தப் பாத்துக்கிடு, மக்கா" என்றேன். காவல் இரு என்பதுதான் நான் நினைத்தது. அவளோ சொல்லை அப்படியே எடுத்துக்கொண்டாள். தலையாட்டிவிட்டுப் போனாள்.

அதற்குப் பிறகு எனக்கு ஒரே குஷி. வாயைத் திறந்தால் வேலை நடக்கிறது! கையை இடுப்பில் வைத்துக்கொண்டு அறை அறையாக வலம் வந்து குறை சொன்னேன். கிணற்றுப் பக்கம் மட்டும் போகவில்லை. அங்கே குறை சொல்ல ஒன்றும் இருக்காது என்று நினைத்தேன். உச்சி வெயிலில் எல்லாரும் உட்கார்ந்து பொதிச்சோற்றைப் பிரித்தபோதுதான் ஒரு ஆள் குறைந்தது.

பின்பக்கம் ஓடினேன். அங்கே ஒரு காக்கைச் சத்தம்கூட இல்லை. அவள் சுவரில் வயிற்றை வைத்து, கால் தரையில் படாமல், கிணற்றுக்குள் குனிந்து கிடந்தாள். கூப்பிட்டால் திடுக்கிட்டு விழுந்துவிடுவாளோ என்று பயந்து, மெல்லப் போய் இரண்டு கையாலும் இடுப்பைப் பிடித்தேன். அவ்வளவு நேரம் வெயிலில் கிடந்த உடம்பு ஜில்லென்று இருந்தது. இழுத்தேன், வரவில்லை. ஏழு வயதுப் பிள்ளைக்கு அவ்வளவு கனம் இருக்காது.

"சாப்பிட வா, மக்கா."

"நீதான பாத்துக்கிடச் சொன்ன. போரும்னு சொல்லலியே" என்றாள், தலையைத் திருப்பாமல்.

"போரும். வேலை முடிஞ்சு."

சட்டென்று கனம் போயிற்று. என் கையோடு வந்துவிட்டாள். கண்கள் சிவந்திருந்தன.

"கீழ ஒருத்தி நிக்கா. அவளும் என்னையே பாத்துக்கிட்டிருக்கா."

தண்ணீரில் உன் முகம்தான் தெரிந்திருக்கும் என்று சொல்லிக்கொண்டே நான் எட்டிப் பார்த்தேன். கிணற்றில் தண்ணீர் இல்லை. காய்ந்த பலா இலைகளும் ஒரு உடைந்த பிளாஸ்டிக் வாளியும் கிடந்தன. வேறு யாரும் இல்லை.

"எனக்கு நீ சொன்ன. அவளுக்கு யாரு சொன்னா, அக்கா?"

அவளைத் தூக்கிக்கொண்டு திரும்பினேன். என் தோளில் கிடந்தபடி அவள் கிணற்றையே பார்த்தாள். "அவகிட்டயும் போரும்னு சொல்லு, அக்கா. பாவம், அவளும் சாப்பிடல" என்றாள். பின்வாசலில் மற்ற பிள்ளைகள் நின்று சிரித்துக்கொண்டிருந்தார்கள். காலையில்தான் தலைவியானவள் வெறுங்கிணற்றோடு பேசினால் யார் மதிப்பார்கள்? நான் சொல்லவில்லை.

மறுவாரம் மாமா வந்து, கிணற்றின் மேல் கான்கிரீட் பலகை போட்டு மூடச் சொன்னார். நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். ஒரே ஒரு சொல், அப்போதாவது சொல்லியிருக்கலாம். கொத்தனார்கள் இருந்தார்கள், வெட்கமாக இருந்தது. சித்தி மகள் பிழைத்துவிட்டாள், அதோடு விஷயம் முடிந்தது என்று நினைத்தேன். வேலை சொன்னவள்தான் முடிந்தது என்றும் சொல்ல வேண்டும் என்பதோ, அந்தச் சொல்லுக்காகக் காத்து நிற்பவர் நம் கண்ணுக்குத் தெரிகிறவராகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை என்பதோ அப்போது எனக்கு விளங்கவில்லை.