சோல்பக்கன் வீட்டு மாப்பிள்ளை

நிருஷா என் மேசைக்கு முன்னால் வந்து இருந்தபோது அழுதுவிடுவாள் போலிருந்தது. ஒஸ்லோவின் எல்லிங்ஸ்ருட்டில் பிறந்து வளர்ந்த பிள்ளை. கல்யாணம் நெருங்கிக்கொண்டிருந்தது, மாப்பிள்ளை நோர்வேக்காரன்.

"அன்ரி, அவரின்ரை அப்பா, எனக்கு வரப்போற மாமா, என்னை அவையின்ரை குடும்பப் பேரை எடுக்கச் சொல்லுறார். என்ரை பேருக்குப் பின்னாலை இருக்கிறது அப்பான்ரை பேர், கனகசபை. அப்பாவும் இப்ப இல்லை. நான் ஒரே பிள்ளை. நானும் மாத்தினா அந்தப் பேர் அதோடை முடிஞ்சுது."

"மாட்டன் எண்டு சொல்லுறதுதானே?"

"நல்ல மனுசன் அன்ரி. முகத்துக்கு நேரை சொல்ல ஏலாமல் கிடக்கு."

நான் அப்போது ஒஸ்லோவின் கிழக்குப் பக்கத்தில் ஒரு நூலகத்தில், ஊர் வரலாற்றுப் பிரிவில் வேலை செய்தேன். தங்கள் பெயரின் பூர்வீகம் தேடித்தான் அங்கே அதிகம் பேர் வருவார்கள். அவர்களுக்கு நான் எடுத்துக் கொடுப்பது 'பிக்டெபூக்'. ஓர் ஊரின் ஒவ்வொரு பண்ணையிலும் யார் யார் வாழ்ந்தார்கள் என்று தலைமுறை தலைமுறையாகச் சொல்லும் தடித்த புத்தகம் அது. அந்தக் காலத்தில் இங்கே பண்ணையின் பெயர்தான் ஆளின் பெயர். வேறு பண்ணைக்குக் குடிபோனால் பெயரும் மாறிவிடும். வேலைக்கு வந்த புதிதில் இது என் மண்டைக்குள் ஏறவே இல்லை.

அடுத்த வாரம் மாமாவே நிருஷாவைக் கூட்டிக்கொண்டு வந்தார்.

"சோல்பக்கன் என்பது அப்பனிடமிருந்து மகனுக்கு, மகனிடமிருந்து பேரனுக்கு என்று வந்த பெயர். மருமகளுக்கு அதைக் காட்ட வேண்டும்" என்று நோர்வே மொழியான நோர்ஸ்க்கில் சொன்னார். முகத்தில் அவ்வளவு பெருமை.

தேடி வந்தவரையே வாசிக்க விடுவது என் வழக்கம். நான் வாசித்துச் சொல்லி, வீண் வம்பை விலைக்கு வாங்குவானேன்? அவரும் சத்தமாக வாசித்துக்கொண்டே போனார். பாட்டனாரின் பாட்டனாரிடம் வந்ததும் குரல் இறங்கியது. அந்த மனிதர் வேறு பள்ளத்தாக்கிலிருந்து வந்தவர். சோல்பக்கன் அவருடைய மனைவியின் பண்ணை. அவளைக் கட்டி, அங்கேயே குடிவந்து, தன் பெயரை விட்டுவிட்டு அந்தப் பெயரை எடுத்திருக்கிறார்.

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "எங்கள் யாழ்ப்பாணத்திலும் வீடு பெண்ணுக்குத்தான். மாப்பிள்ளைதான் பெட்டியோடு வந்து சேருவார்" என்றேன்.

மாமா சிரிக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"பாவம். பெயரை விடும்போது அவருக்கு மனம் நொந்திருக்குமோ?"

அதுவரை குனிந்தபடி இருந்த நிருஷா நிமிர்ந்தாள். "அவரைக் கேட்க முடியாது. என்னைக் கேட்கலாம்."

அவர் கேட்டார்.

"நோகும்" என்றாள்.

அவர் அவள் கையைத் தட்டிக்கொடுத்தார்.

கல்யாணம் முடிந்து, லோறென்ஸ்கூக்கில் அவர்கள் வாங்கிய வீட்டில் குடிபுகும் சடங்கான குடிபூரலுக்குப் போனேன். மாமா வாசலில் நின்று பெயர்ப் பலகை பூட்டிக்கொண்டிருந்தார். மேலே கனகசபை, கீழே சோல்பக்கன்.

"கனகசபை நீளமான பெயர். முதல் வாங்கிய பலகையில் அடங்கவில்லை, மாற்றி வாங்கினேன்" என்றார். அந்தப் பெயரை ஓர் எழுத்தும் பிசகாமல் சொன்னார்.

இந்த வேலைக்கு வரும் இளையவர்களுக்கு நான் சொல்வது இதுதான். பெயரைத் தேடி வருகிறவருக்குப் பக்கத்தில், அதைச் சுமக்கப்போகிறவரும் இருப்பார். புத்தகத்தை இரண்டு பேருக்கும் நடுவில் வையுங்கள்.