மூடி வைத்து எழுதுகிறவள்

புத்தகத்தில் ஒரு பக்கம் படித்து முடித்ததும் நேவெனா அதை மூடிச் சமையலறைக்குக் கொண்டுபோய், ஆறிக் கிடக்கும் ரொட்டி அடுப்புக்குள் வைத்துக் கதவைச் சாத்துவாள். பிறகு ஒன்றிரண்டு கோப்பைகளைக் கழுவுவாள். சன்னலைத் திறந்து தன்யூப் ஆற்றில் போகிற மணல் படகை வேடிக்கை பார்ப்பாள். அதற்கப்புறம்தான் கணினி முன் உட்கார்ந்து, படித்ததைத் தன் சொல்லில் எழுதுவாள். பக்கத்திலேயே விரித்து வைத்துக்கொண்டு எழுதினால் என்ன என்று கேட்டால், "பார்த்துக்கிட்டே எழுதினா கை திருடிரும். நமக்கே தெரியாது" என்பாள். ஒருமுறை அவள் கணவன் ராங்கெல் பனித்சா என்கிற பாலாடைக்கட்டி அப்பம் சுடுவதற்கு அடுப்பை மூட்ட, நூலகத்துப் புத்தகம் ஒன்று ஓரம் கருகிவிட்டது. நூலகத்துக்குப் புதுப் பிரதி வாங்கிக் கொடுத்த பிறகும் அவள் அந்த வழக்கத்தை விடவில்லை.

யாரும் எழுதலாம், யாரும் திருத்தலாம் என்று இணையத்தில் இருக்கிற கலைக்களஞ்சியத்தில் பல்கேரிய மொழிக் கட்டுரைகளை எழுதுகிறவர்களில் அவளும் ஒருத்தி. கூலி கிடையாது. பகலில் டாக்டர் மின்செவின் பல் மருத்துவமனையில் வரவேற்பு மேசை, மாலையில் இந்தப் பைத்தியம். எழுதும் ஒவ்வொரு செய்திக்கும் எந்த நூல், எந்தப் பக்கம் என்று சான்று காட்டியாக வேண்டும் என்பது அங்கே விதி. அந்த விதி அவள் வீட்டுச் சாப்பாட்டு மேசை வரைக்கும் வந்துவிட்டது. தக்காளி விலை ஏறிவிட்டதாம் என்று ராங்கெல் சொன்னால், யார் சொன்னது என்று கேட்பாள். பக்கத்து வீட்டுக்காரி என்றால் முகம் சுளிப்பாள். மாமியாரின் வயதையே பிறப்புச் சான்றிதழைப் பார்த்த பிறகுதான் நம்பினாள் என்று அவன் ஊரெல்லாம் சொல்லிச் சிரிப்பான்.

அவளுக்குச் சிரிப்பு வராது. வர்னா நகரத்தில் ஒருவன் இரண்டு கட்டுரைகளைப் புத்தகத்திலிருந்து அப்படியே இறக்கிவிட்டுப் பிடிபட்டான். அவன் எழுதிய மற்றவையெல்லாம் யோக்கியமானவையாகக்கூட இருந்திருக்கலாம். யார் உட்கார்ந்து பிரித்துப் பார்ப்பது? மொத்தத்தையும் வழித்தெறிந்துவிட்டார்கள். அதைக் கண்ணால் பார்த்ததிலிருந்து, பதினோரு வருட உழைப்பு தனக்கும் ஒரு நாள் அப்படிப் போய்விடும் என்கிற பயம் அவளை விட்டதே இல்லை.

இந்த வசந்தத்தில் அந்தப் பயம் வாசலுக்கே வந்தது. படகுத்துறையின் பழைய காத்திருப்பு மண்டபத்தைப் பற்றி மூன்று வருடங்களுக்கு முன் அவள் எழுதிய கட்டுரையை ஒரு சிவப்பு அறிவிப்பு மூடிக் கிடந்தது. காப்புரிமை மீறல் என்று சந்தேகமாம். அச்சில் வந்த ஒரு புத்தகத்தில் இது வரிக்கு வரி இருக்கிறது, ஒரு வாரத்தில் விளக்கம் வேண்டும், இல்லாவிட்டால் 'நீர்க்காகம்' எழுதிய எல்லாவற்றையும் சோதிப்போம் என்று தலைநகர் சோபியாவிலிருந்து ஒரு தன்னார்வலர் எழுதியிருந்தார். நீர்க்காகம் என்பது அங்கே அவள் வைத்துக்கொண்ட புனைபெயர். புத்தகத்தின் பெயரை அவள் இரண்டு முறை படித்தாள். போன குளிர்காலத்தில் வெளியான புத்தகம். வெளியீட்டு விழாவில் ஒயின் கோப்பைகளை அடுக்கியவளே அவள்தான். எழுதியவர் டாக்டர் மின்செவ்.

புத்தகம் பிந்தியது, கட்டுரை முந்தியது. ஆனால் புத்தகத்தில் உள்ளவையெல்லாம் பழைய ஊர்ப் பத்திரிகையில் தான் எப்போதோ எழுதியவை என்று டாக்டர் முன்னுரையில் போட்டிருந்தார். எந்த இதழ் என்று போடவில்லை. நேவெனாவிடம் அதைவிடப் பெரிய சான்று இருந்தது. கட்டடக்காரச் சகோதரர்கள் இருவரில் மண்டபத்தைக் கட்டியவர் அண்ணன். முதலில் எழுதும்போது அவள் தவறித் தம்பியின் பெயரைப் போட்டு, ஆறு மாதம் கழித்துத் திருத்தினாள். டாக்டரின் புத்தகத்தில் மண்டபத்தைத் தம்பிதான் கட்டியிருந்தார். களஞ்சியம் தேதியோடு சேமித்து வைத்திருக்கிற அவள் கட்டுரையின் பழைய வடிவத்தைத் தவிர அந்தத் தவறு உலகத்தில் வேறெங்கும் கிடையாது. எடுத்ததுகூடக் குற்றமில்லை. அந்தக் களஞ்சியத்திலிருந்து யாரும் எடுக்கலாம், அச்சடித்து விற்கலாம். இங்கிருந்து எடுத்தேன் என்று ஒரு வரி சொன்னால் போதும். அந்த ஒரு வரியைத்தான் டாக்டர் சொல்லவில்லை.

"மடியில கனமில்லேன்னா வழியில என்ன பயம், நேவெ?" என்றான் ராங்கெல். துறைமுகத்தில் அவனுக்கு வேலை போனதிலிருந்து வீட்டில் வரும் சம்பளம் அவளுடையது ஒன்றுதான். அவன் மறந்திருக்கலாம், அவள் மறக்கவில்லை. அந்த வாரம் முழுக்க விளக்கத்தை எழுதுவதும் அனுப்பாமல் அழிப்பதுமாக இருந்தாள். பல் குடையும் எந்திரம் உள்ளே சத்தம் போடும்போதெல்லாம் தூக்கிவாரிப் போட்டது. ஒரே நேரத்துக்கு இரண்டு நோயாளிகளை வரச் சொல்லித் திட்டும் வாங்கினாள்.

கெடு முடிகிற நாளுக்கு முந்தின மதியம் டாக்டர் முகமூடியைத் தாடைக்கு இறக்கிக்கொண்டு வந்து, அவள் நாற்காலிக்குப் பின்னால் நின்றார். சோபியாக்காரர்கள் அவருக்கும் மின்னஞ்சல் அனுப்பியிருந்தார்கள்.

"ஏம்மா நேவெனா, நான் சொல்லச் சொல்ல நீ அடி. எவனோ நீர்க்காகமாம். பேரே திருட்டுப் பய பேரு. என் புத்தகத்த அப்படியே சுட்டுப் போட்டிருக்கான்."

அவர் நடிக்கவில்லை. அதுதான் அவளை இன்னும் பயமுறுத்தியது. எப்போதோ எடுத்து ஒட்டி வைத்த குறிப்பைத் திரும்பத் திரும்பப் படித்து, தன் எழுத்து என்றே மனிதர் நம்பிவிட்டார். கட்டுரையை உடனே நீக்க வேண்டும், அந்த ஆளை இனி எழுதவே விடக் கூடாது என்று அவர் சொல்லிக்கொண்டே போக, அவள் அடித்துக்கொண்டே வந்தாள். இரண்டாவது வரியில் விரல்கள் நின்றுவிட்டன.

"டாக்டர், அந்த மண்டபத்தத் தம்பிதான் கட்டினாருன்னு எங்க படிச்சீங்க?"

"எங்கயோ படிச்சதுதான். ஊருக்கே தெரியும். நீ அடிம்மா."

உள்ளே நாற்காலியில் வாயைத் திறந்தபடி ஒரு நோயாளி காத்திருந்தார். நேவெனா மின்னஞ்சலை அனுப்பாமல் ஒதுக்கிவிட்டுக் கலைக்களஞ்சியத்தைத் திறந்தாள். உள்ளே நுழையப் பெயர் கேட்டது. அவர் தோளுக்கு மேல் குனிந்து பார்த்துக்கொண்டிருக்கும்போதே, ஒற்றை விரலால், நீர்க்காகம் என்று எழுத்தெழுத்தாக அடித்தாள்.