சகலையின் கன்னம்

என் சகலைக்குக் கன்னம் வழவழவென்று இருக்கும். இதை எழுதும்போதே எனக்கு வயிறு எரிகிறது. ஆனாலும் அங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.

என் மனைவியின் அக்காள் கணவர் அவர். அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் பட்டறை வைத்திருக்கிறார். நானும் தினமும் அதே எஸ்டேட்டுக்குத்தான் போகிறேன், ஆனால் கழுத்தில் அட்டையை மாட்டிக்கொண்டு கண்ணாடிக் கட்டடத்துக்கு. ஞாயிறன்று சர்ச்சில் பூசை முடிந்ததும் இரண்டு குடும்பமும் முத்தாபுதுப்பேட்டையில் மாமியார் வீட்டில் சாப்பிடக் கூடுவோம். நல்லி எலும்பு அவர் தட்டுக்குப் போகும். மூத்த மாப்பிள்ளை, போகட்டும் என்று விட்டுவிட்டேன். விட முடியாதது வேறொன்று. என் நாலு வயது மகள் வாசலில் செருப்பை உதறியதும் நேரே அவரிடம் ஓடுவாள். தன் கன்னத்தை அவர் கன்னத்தில் வைத்துத் தேய்ப்பாள். அதையே வீட்டில் நான் கேட்டால், "போப்பா, குத்துது" என்று முகத்தைத் தள்ளிவிடுவாள்.

பெற்றவன் நான். தடுப்பூசி போடும்போதெல்லாம் மடியில் வைத்துக்கொண்டு அவளோடு சேர்ந்து கண் கலங்கியவன் நான். கன்னம் மட்டும் பெரியப்பாவுக்கா?

நான் பல வருடமாக டிரிம்மர் ஆசாமி. அது முடியை வெட்டும், ஒட்ட மழிக்காது. அவர் எதைக்கொண்டு மழிக்கிறார் என்று நேரில் கேட்க எனக்கு ரோஷம். ஒருநாள் அவர் வீட்டுக்குப் போனபோது கை கழுவும் சாக்கில் குளியலறைக்குள் போய்ப் பார்த்தேன். கனமான எஃகு ரேசர் ஒன்று இருந்தது. இரண்டு பக்கமும் கூரான பிளேடைத் தலையில் வைத்துத் திருகுகிற வகை. பக்கத்தில் ஒரு பிரஷ், ஒரு படிகாரக் கட்டி. வெளியே வருவதற்குள் போனில் அதே மாதிரி ஒன்றுக்கு ஆர்டர் போட்டுவிட்டேன்.

ரேசர் வந்து சேர்ந்த வாரம் விபூதிப் புதன் வந்தது. அன்று தொடங்கும் நாற்பது நாள் தவக்காலத்தில் எங்கள் குடும்பத்தில் ஆளுக்கொன்றை விடுவார்கள். மாமியார் காபியை விடுவார், என் மனைவி கறியை விடுவாள். சகலை ஈஸ்டர் வரைக்கும் முகத்தில் பிளேடு வைக்க மாட்டார். ஞாயிற்றுக்கிழமை விருந்தும் கிடையாது. இனி ஈஸ்டருக்கு முந்தின வாரம், குருத்து ஞாயிறன்றுதான் எல்லோரும் கூடுவோம். நெற்றியில் சாம்பலோடு நின்றுகொண்டு நான் யோசித்தேன். இத்தனை நாளில் அவர் கன்னம் முள்ளாகிவிடும், என் கன்னம் பட்டாகிவிடும். சாம்பல் பூசிய அன்றைக்கே இப்படி ஒரு திட்டம் போட்டவன் எங்கள் பங்குக் கோயிலில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

முதல் நாள் பிளாஸ்டிக் ரேசரை அழுத்துவதுபோல அழுத்தி இழுத்தேன். தாடையில் இரண்டு, மூக்குக்குக் கீழே ஒன்று என்று மூன்று இடத்தில் ரத்தம். படிகாரத்தைத் தேய்த்ததும் காந்திய காந்தலில் தவக்காலம் எனக்கும் தொடங்கிவிட்டது. சோப்பும் நுரைக்கவில்லை. கோவில்பதாகையில் எங்கள் ஃபிளாட்டுக்கு போர் தண்ணீர், ஒரே உப்பு. அதனால் கேன் தண்ணீரைப் பிடித்துக்கொண்டு போனேன்.

"குடிக்கிற தண்ணிலயா மூஞ்சி கழுவுறீங்க?" என்றாள் மனைவி. "ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்."

சிரிக்காமல் சொன்னாள். கேன் தண்ணீரில் நுரை வந்தது, ரத்தமும் வந்தது.

தினமும் காலையில் குளியலறையில் முக்கால் மணி நேரம். பிளேடு இருக்கும் இடத்தில் குழந்தைக்கு என்ன வேலை? கதவை உள்ளே தாழ்போட்டுக்கொள்வேன். மகள் எழுந்ததும் வந்து தட்டுவாள்.

"அப்பா, இன்னா பண்றே?"

"ஷேவ் பண்றேன். பிளேடு இருக்கு, வராதே."

கொஞ்ச நேரம் அங்கேயே நிற்கும் அவள் கால் கதவுக்கு அடியில் தெரியும். நான் முகத்தைத் துடைத்துக்கொண்டு வரும்போது அவளை ஏற்றிக்கொண்டு ஸ்கூல் வேன் போயிருக்கும்.

இரண்டாவது வாரம் எஸ்டேட் டீக்கடையில் சகலை என்னைப் பிடித்துக்கொண்டார். தாடி முளைத்து, ஆள் தூங்கி எழுந்தவர்போல இருந்தார். அதைப் பார்த்து எனக்குள் ஒரு குஷி.

"இன்னா சகல, மூஞ்சில பூனை பிராண்டிச்சா?" என்றார்.

"வேர்க்குரு" என்றேன்.

"பிளேடு ரேசர் வாங்கிகினியா? அமுக்காத. அது வெயிட்டே போதும். லேசா சாய்ச்சிப் புடி."

மனிதருக்கு எல்லாம் தெரிந்திருந்தது. அவர் சொன்னதைச் செய்யக் கூடாது என்று இரண்டு நாள் பிடிவாதமாக வெட்டுப்பட்டேன். மூன்றாம் நாள் கையைத் தளர்த்தி, ரேசரை அதன் கனத்துக்கே இறங்கவிட்டேன். சர்ரென்று போயிற்று. அவர் சொன்னது சரியாக இருந்ததுதான் எனக்கு ஆத்திரம். இடது தாடைக்கு அடியில் என் முடி காதைப் பார்த்து வளர்கிறது, அங்கே மட்டும் மேல்நோக்கி இழுக்க வேண்டும் என்பதை நானாகக் கண்டுபிடித்தேன். அது ஒன்றாவது அவர் சொல்லித் தராதது.

ஐந்தாவது வாரம் ஒரு கீறல்கூட இல்லாமல் முடித்தேன். கன்னத்தைத் தடவினால் என் கன்னம் மாதிரியே இல்லை. அன்றைக்கே மகளைக் கூப்பிட்டுக் காட்டியிருக்கலாம். காட்டவில்லை. அது அவர் கண்ணெதிரே நடக்க வேண்டும் என்று குருத்து ஞாயிறு வரைக்கும் பொத்திப் பொத்தி வைத்திருந்தேன்.

அன்று குருத்தோலைப் பவனியும் பூசையும் முடிந்து மாமியார் வீட்டுக்குப் போனோம். சகலை கூடத்தில் தரையில் உட்கார்ந்திருந்தார். பாதி நரைத்த தாடி, கழுத்துவரை படர்ந்திருந்தது. மகள் ஓடிப்போனவள் அதைப் பார்த்துச் சட்டென்று நின்றாள். என் நெஞ்சு துள்ளியது. நான் குனிந்து கன்னத்தைக் காட்டினேன்.

"வாம்மா, தொட்டுப் பாரு. அப்பா இப்ப குத்த மாட்டேன்."

ஒரு விரலால் தொட்டாள். "சோப்பு மாரி கீது" என்றாள்.

அவ்வளவுதான். திரும்பிப் போய் அவர் தாடியில் கன்னத்தை வைத்தாள். "ஐயோ, குத்துது!" என்று கத்தினாள். சிரித்தாள். மறுபடியும் வைத்துத் தேய்த்தாள். வீடே சேர்ந்து சிரித்தது. நான் குனிந்தபடியே இருந்தேன். அவருடைய வழவழப்புக்குப் பட்ட பொறாமை ஒன்றுமே இல்லை. அந்த முள்ளைப் பார்த்துப் பட்டேனே, அதுதான் பொறாமை.

சகலை என் முகத்தைப் பார்த்துவிட்டார். பாவம், எனக்காகத்தான் அவளைத் தள்ளி உட்காரவைக்கப் பார்த்தார்.

"குத்துது இல்ல? அப்பாகிட்ட போ கண்ணு. பெரியப்பா ஈஸ்டருக்கு ஷேவ் பண்ணிர்றேன்."

அவள் இரண்டு கையாலும் தாடியைப் பிடித்துக்கொண்டாள்.

"வாணாம் பெரியப்பா. ஷேவ் பண்ணா நீயும் கதவ சாத்திக்குவே."